காதில் மாட்டும் வேகஸ் கருவி வாங்கலாமா? அம்மாவுக்கு ஆறு வாரம் மாட்டிப் பார்த்த அனுபவம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகஸ் என்ற நரம்பைக் காது வழியாக மின்சாரத்தால் தூண்டுவதாகச் சொல்லி விற்கிறார்கள், முடக்குவாதம் குறையும் என்று நம்பி இந்தக் காது கிளிப் கருவியை வாங்காதீர்கள். நான் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன், அம்மாவுக்கு ஆறு வாரம் தினமும் மாட்டிவிட்டேன், தினமும் நேரம் பார்த்து நோட்டில் எழுதினேன். பலன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் சார்ஜ் நன்றாக நிற்கிறது என்பதற்காக.

ஆனால் பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டில் கெவின் ட்ரேசி என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானியின் பெயரும், அவருடைய ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு வரியும் இருந்தது. யார் இவர் என்று தேடப் போனவள் மூன்று வாரம் அதிலேயே மூழ்கிவிட்டேன். அந்த ஆராய்ச்சி உண்மை, அதற்கும் இந்த கிளிப்புக்கும் நடுவில் உள்ள தூரமும் உண்மை, இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பொருளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது புரியும். அதனால் இந்த விமர்சனம் நீளமாகத்தான் இருக்கும்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே பொருளை நாலைந்து பெயரில், நாலைந்து நிறத்தில் விற்கிறார்கள், ஒன்றைச் சொன்னால் மற்றது நல்லது என்று ஆகிவிடும்.

பெட்டியில் வருவது இவ்வளவுதான்: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெள்ளைக் கருவி, ஒரு ஒயர், ஒயரின் முனையில் துணி கிளிப் போல ஒரு கிளிப், அதன் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர், சார்ஜ் ஒயர், ஒரு சிறிய ட்யூப் ஜெல். பிசியோதெரபி போனவர்களுக்கு டென்ஸ் மெஷின் தெரிந்திருக்கும், முதுகில் ஒட்டி கரண்ட் கொடுப்பார்களே, அதே வேலையைக் காதில் செய்கிறது. ஜெல் தடவி மாட்டினால் எறும்பு ஊர்வது மாதிரி சுருசுருவென்று இருக்கும், அளவை ஏற்றினால் குத்தும். தினம் அரை மணி நேரம் மாட்டச் சொல்கிறார்கள். அம்மா முதல் நாள் மாட்டிக்கொண்டு, "என்னடி இது, கடுக்கன் போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

அம்மாவுக்கு வயது 64. முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது, ஊரில் சரவாங்கி என்பார்கள். இது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் கிடையாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே திரும்பி மூட்டுகளைத் தாக்குகிற நோய். காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்காது. எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவது என் வேலை, அம்மாவால் கத்தரிக்கோலில் விரலை நுழைக்க முடியாது. தோசைக் கரண்டியின் பிடியில் பழைய துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறோம், தடிமனாக இருந்தால் பிடிக்க முடிகிறது. இரண்டு வருடம் முன்பு விரல் முட்டி எல்லாம் ஒரேயடியாக வீங்கி, கையில் கிடந்த இரண்டு வளையலைக் கழற்ற முடியாமல், சோப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் தட்டாரிடம் போய் வெட்டினோம். வெட்டும்போது அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வளையல்கள் வெட்டிய கோலத்திலேயே பீரோவில் இருக்கின்றன.

வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அன்று ராத்திரியும் மறுநாளும் குமட்டல். ஆகவே மருந்தில்லாமல் ஒரு வழி என்று யாராவது சொன்னால் எங்களைப் போன்ற வீடுகளில் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வோம். இந்த மாதிரிப் பொருளை விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

சரி, ட்ரேசிக்கு வருகிறேன்.

1957-இல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மா மூளைக் கட்டியில் இறந்துபோகிறார். தாத்தா யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். கட்டியை ஏன் வெட்டி எடுக்கவில்லை என்று பையன் கேட்கிறான். கட்டி நல்ல திசுவோடு பின்னிக் கிடந்தது, ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும் என்று தாத்தா விளக்குகிறார். அப்படியென்றால் யாராவது இதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டுமே என்று அந்த வயதிலேயே தோன்றியதாக ட்ரேசி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வளர்ந்து நரம்பு அறுவை மருத்துவத்துக்கே போனார்.

1985-இல் நியூயார்க்கில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது தீக்காயப் பிரிவில் ஒரு பதினோரு மாதப் பெண் குழந்தை அவர் பொறுப்பில் வருகிறது. வீட்டுச் சமையலறையில் கொதிக்கும் தண்ணீர் கொட்டி, உடம்பில் முக்கால் பாகம் வெந்துபோன குழந்தை. சில வாரங்களில் தேறி வருகிறது, முதல் பிறந்தநாளை ஆஸ்பத்திரியிலேயே கொண்டாடுகிறார்கள். அதன் பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், இதயம் நின்றுவிடுகிறது. எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. தோல் காயம் ஆறிக்கொண்டிருந்தது, பிறகு எது கொன்றது? இந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. நரம்பு அறுவை படிக்க வந்தவர் எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சிக்குள் போனது இந்தக் குழந்தையால்தான்.

அந்தச் சமயத்தில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி செராமியும் புரூஸ் பாய்ட்லரும் ஒரு புரதத்தின் பின்னால் இருந்தார்கள். இன்று அதன் பெயர் டிஎன்எஃப். கிருமி வந்தால் நம் வெள்ளை அணுக்கள் வெளியே விடும் அபாயச் சங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரேசி அவர்களோடு சேர்ந்து அந்தப் புரதத்தை மட்டும் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கிருமி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் கிருமித் தொற்று முற்றியது போலவே எலிகள் ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் கெட்டு, அதிர்ச்சி நிலைக்குப் போய்ச் செத்தன. 1986-இல் இது வெளியானது. அதாவது பல சமயம் ஆளைக் கொல்வது எதிரி மட்டுமே கிடையாது, எதிரியை அடிக்க நாமே எழுப்பும் சேனையும்தான். அடுத்த வருடம், டிஎன்எஃப்பைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதத்தை பபூன் குரங்குகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, சாகும் அளவுக்கு பாக்டீரியாவை ரத்தத்தில் செலுத்தினார்கள். குரங்குகள் பிழைத்தன.

ரத்தத்தில் தொற்று பரவிய மனிதர்களுக்கு அதே வழி உதவவில்லை, அந்தச் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஆனால் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992-இல் டிஎன்எஃப் எதிர்ப்புரதத்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. இன்று மூட்டு டாக்டர்கள் எழுதித் தரும் விலை உயர்ந்த பயாலஜிக் ஊசிகளில் பல இந்த வழியில் வந்தவைதான். எங்கள் டாக்டர் ஒருமுறை அடாலிமுமாப் என்ற அப்படி ஒரு ஊசியைப் பற்றிப் பேச்சை எடுத்தார். செலவைக் கேட்டுவிட்டு அம்மா, "இந்த மாத்திரையே போதும்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே நாங்கள் அன்று வீடு திரும்பினோம். இப்போது தெரிகிறது.

இதுவரை எதிர்ப்பு சக்திக் கதை. நரம்பு இதற்குள் வந்தது தற்செயலாக.

1990-களின் கடைசி. ட்ரேசி அப்போது லாங் ஐலண்டில் மான்ஹாசெட் என்ற ஊரில் ஆய்வுக்கூடம் வைத்துவிட்டார், இன்றைக்கும் அங்கேதான், ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிலையத்தில் இருக்கிறார். அவர்கள் உருவாக்கிய, டிஎன்எஃப் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு மருந்தை எலிகளின் மூளைக்குள் துளியூண்டு விட்டுப் பார்த்தார்கள், பக்கவாதத்தில் மூளைச் சேதத்தைக் குறைக்குமா என்று பார்க்கத்தான். மூளையில் டிஎன்எஃப் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எலியின் உடம்பு முழுக்கவும் குறைந்துவிட்டது. மூளைக்குள் விட்ட அந்தத் துளி ரத்தத்தில் கலந்து மண்ணீரல் வரை போய் வேலை செய்திருக்க வாய்ப்பே இல்லை, அளவு அவ்வளவு குறைவு. அப்படியென்றால் மூளை ஏதோ வழியில் கீழே கட்டளை அனுப்பியிருக்க வேண்டும்.

கழுத்தில் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கட்டளை போய்ச் சேரவில்லை.

வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று உள்ளே எல்லா இடத்துக்கும் கிளை விட்டுப் போகும் நரம்பு, இடது வலது என்று இரண்டு. அதற்குள் இருக்கும் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே சேதி கொண்டு போகிறவை. இதற்குச் சில வருடம் முன்பே கொலராடோவில் லிண்டா வாட்கின்ஸ் குழுவினர், வயிற்றில் அழற்சி (எதிர்ப்பு சக்தி கிளம்பி வீக்கமும் வலியும் உண்டாக்குவது) இருக்கிறது என்ற சேதியை மூளைக்குக் கொண்டு போவதில் வேகஸுக்குப் பங்கு உண்டு என்று எலிகளில் காட்டியிருந்தார்கள். சேதி மேலே போவது தெரிந்திருந்தது, பதில் கீழே வருவது ட்ரேசியின் ஆய்வில் தெரிந்தது. நெருப்பில் கை பட்டால் நாம் யோசிக்கும் முன்பே கை பின்னால் வருகிறதே, அது மாதிரி அழற்சிக்கும் ஒரு அனிச்சைச் செயல் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். வெட்டினால் நிற்கிறது என்றால் தூண்டினால் வேலை செய்ய வேண்டும் இல்லையா? 1998-இல் ட்ரேசி, அறுவை அரங்கில் நரம்பு அறுவை மருத்துவர்கள் நரம்பைச் சோதிக்கப் பயன்படுத்தும் கையடக்கத் தூண்டுகோலை எடுத்து வந்து, எலியின் வேகஸ் நரம்பில் வைத்து மின் துடிப்பு கொடுத்தார். டிஎன்எஃப் கடகடவென்று குறைந்தது. அறுவை அரங்கில் தினமும் கையில் பிடித்த ஒரு கருவியை எதிர்ப்பு சக்தியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு இரண்டு துறையும் ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டும். நரம்பு மட்டும் படித்தவருக்கு டிஎன்எஃப் அளக்கத் தோன்றாது, எதிர்ப்பு சக்தி மட்டும் படித்தவருக்கு அந்தக் கருவி கைக்கே வந்திருக்காது. 2000-இல் அந்த முடிவு நேச்சர் இதழில் வந்தது.

அதுவரை எதிர்ப்பு சக்தி தன்னிச்சையாக ரத்தத்தில் மிதந்து வேலை செய்யும் சமாச்சாரம், மூளைக்கு அதில் பெரிய வேலை இல்லை என்பதே பாடமாக இருந்தது. மறுத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ராசெஸ்டரில் ராபர்ட் ஏடரும் நிக்கோலஸ் கோஹனும் 1975-லேயே, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை இனிப்புத் தண்ணீரோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பழக்கினால், பிறகு வெறும் இனிப்புத் தண்ணீருக்கே எதிர்ப்பு சக்தி அடங்குகிறது என்று காட்டினார்கள். ஆனால் எந்தக் கம்பி வழியாக என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ட்ரேசி குழு ஒரு கம்பியைக் கையில் பிடித்துக் காட்டியது.

அப்புறம் அந்தக் கம்பியின் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2003-இல் கீழ் முனையைக் கண்டுபிடித்தார்கள், டிஎன்எஃப்பை உற்பத்தி செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுவின் மேல் ஆல்ஃபா 7 என்ற ஏற்பி, அதாவது சேதியை வாங்கிக்கொள்ளும் இடம், இருக்கிறது, நரம்புகள் சேதி சொல்ல விடும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வந்து அதில் உட்கார்ந்தால் உற்பத்தி குறைகிறது. அசிட்டைல்கோலின் வேகஸ் நரம்பின் பழைய சரக்கு. 1921-இல் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அது ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டு அதையும் மெதுவாக்கிக் காட்டினாரே, அதே பொருள்தான். ஆனால் ஒரு சிக்கல். டிஎன்எஃப் அதிகம் வருவது மண்ணீரலிலிருந்து, மண்ணீரலுக்குள் போகும் நரம்போ அசிட்டைல்கோலின் விடுவது கிடையாது, நார்அட்ரினலின் என்ற வேறு ரசாயனத்தை விடுவது. நடுவில் யார் அசிட்டைல்கோலின் தருகிறார்கள்? 2011-இல் விடை கிடைத்தது. மண்ணீரலில் உள்ள, டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, நரம்பு சொன்னதைக் கேட்டுத் தானே அசிட்டைல்கோலின் தயாரித்து மேக்ரோஃபேஜிடம் கொடுக்கிறது. ரத்த அணு ஒன்று நரம்பு செய்யும் வேலையைச் செய்கிறது! ஹென்றி டேல் 1929-லேயே மாடு, குதிரை மண்ணீரலில் அசிட்டைல்கோலினைப் பிரித்தெடுத்திருந்தார், அங்கே அதற்கு என்ன வேலை என்பது தெரிய எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவை எழுப்பிச் சொன்னேன், தூக்கத்திலேயே "சரிடி" என்றாள்.

இதை எல்லோரும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள் என்று இல்லை. மெல்போர்னில் ராபின் மெக்காலன் குழு, உடம்பு இயல்பாக அழற்சியை அடக்கும் கட்டளை வேகஸில் வரவில்லை, முதுகுத் தண்டிலிருந்து வரும் ஸ்பிளாங்னிக் நரம்புகளில் வருகிறது என்று எலிகளில் காட்டி வாதாடுகிறது. படித்தவரை எனக்கு அந்த வாதம் கனமாகவே தெரிகிறது. ஆனால் வேகஸைத் தூண்டினால் அழற்சி குறைவதைப் பல ஆய்வுக்கூடங்கள் பார்த்திருக்கின்றன, அது இந்த வாதத்தால் மாறாது.

இனி மனிதர்கள். ட்ரேசி 2007-இல் செட்பாயின்ட் மெடிக்கல் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும், அவருக்கு இதில் வியாபார அக்கறையும் உண்டு. வலிப்பு நோய்க்கு 1997-லிருந்தே அமெரிக்காவில் வேகஸ் தூண்டும் கருவியைக் கழுத்தில் நரம்போடு இணைத்து, மார்புத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். அந்தக் கருவியையே வைத்து 2011-இல் போஸ்னியாவின் மோஸ்டார் நகரில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதல் சிகிச்சை நடந்தது, லாரி ஓட்டுநர், கை கால் வீங்கி வேலையை விட்டவர். பிறகு 17 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் நடுவே இரண்டு வாரம் கருவியை நிறுத்தினார்கள், நோய் கூடியது, திரும்ப ஓடவிட்டார்கள், குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் இப்படி நிறுத்திப் பார்த்தது எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

இப்போது அவர்களுடைய சொந்தக் கருவியே வந்துவிட்டது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அறுவை சிகிச்சை செய்து கழுத்தின் இடது பக்கம் வேகஸ் நரம்பின் மேலேயே பொருத்துகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிடம்தான் தூண்டும். 242 நோயாளிகளிடம் சோதித்தார்கள், எல்லோருக்கும் கருவி வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஓடவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஓரளவு முன்னேற்றம் கண்டவர்கள், கருவி ஓடியவர்களில் 35.2 சதவீதம், ஓடாதவர்களில் 24.2 சதவீதம். 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது, பயாலஜிக் போன்ற மருந்துகள் ஒத்துவராத அல்லது போதாத நோயாளிகளுக்கு மட்டும்.

அந்த 24.2-ஐக் கொஞ்ச நேரம் பாருங்கள். கருவி ஓடாமலே நாலில் ஒருவருக்கு நன்றாக இருந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் வலியைக் குறைக்கும். என் நோட்டில் நடந்ததும் இதுதான்.

கிளிப் போடுவதற்கு முன் ஒரு வாரம் அம்மாவின் காலை விறைப்பை அளந்தேன், எழுந்ததிலிருந்து முழுக் கையையும் மடக்க முடியும் வரை எத்தனை நிமிடம் என்று. சராசரி 55 நிமிடம். முதல் வாரம் 50. இரண்டாவது வாரம் 40-க்கு வந்தது, ஒரு நாள் 30கூட. அம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிவு, "நல்லா இருக்குடி, நிறுத்திடாதே" என்றாள். நானும் அக்காவுக்கு போன் போட்டு இன்னொன்று வாங்கலாமா என்று பேசினேன்.

மூன்றாவது வாரம்தான் இடித்தது. காதில் வேகஸ் எங்கே இருக்கிறது என்று உடற்கூறு படத்தில் பார்த்தேன். வேகஸின் ஒரு சின்னக் கிளை காதுக்கு வருகிறது, உண்மைதான். காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அதற்குக் காரணம் அந்தக் கிளைதான், அம்மாவுக்கும் பட்ஸ் போட்டால் இருமல் வரும். ஆனால் அது காதுத் துளைக்கு உள்ளேயும், துளைக்கு மேலே படகு போல இருக்கும் பள்ளத்திலும்தான் இருக்கிறது. சீட்டில் உள்ள படமோ கிளிப்பைக் காதுமடலின் கீழே, தோடு போடும் சதையில் மாட்டச் சொல்கிறது. அங்கே இருப்பது கழுத்திலிருந்து வரும் வேறு நரம்பு. இன்னும் கேளுங்கள், காது வழியாக வேகஸைத் தூண்டும் ஆய்வுகளில், வேகஸ் இல்லாத இடம் என்பதற்காகவே தோடு போடும் சதையை, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் போலிச் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறார்கள்! அம்மாவுக்கு 40 நிமிடமாகக் குறைந்த அந்த நல்ல வாரம் முழுக்க கிளிப் அங்கேதான் இருந்தது.

அதன் பிறகு அந்தப் பள்ளத்தில் மாட்டிப் பார்த்தேன். கிளிப் அதற்கு ஏற்றதே இல்லை, பிடிக்காமல் நழுவி விழுகிறது. பஞ்சு வைத்து, காகிதப் பிளாஸ்திரி ஒட்டி, பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாலாவது வாரம் 50, ஐந்தாவது வாரம் 55, ஆறாவது வாரம் 55. பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து அரித்தது, நிறுத்திவிட்டோம்.

சரியான இடத்தில் சரியான கருவியை வைத்தால் காது வழியே முடியாதா என்று கேட்பீர்கள், நானும் தேடினேன். 2021-இல் 30 பேரிடம் ஒரு ஆய்வு, நல்ல முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் ஒப்பிடப் போலிக் கருவி இல்லை. 2023-இல் நூறு பேருக்கு மேல் வைத்து, போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. முடக்குவாதத்துக்குக் காது கிளிப் என்பது இன்றைய நிலைமையில் இவ்வளவுதான். நாளைக்கு யாராவது சரியாகச் செய்து காட்டினால் நானே வந்து இங்கே திருத்தி எழுதுகிறேன்.

விற்பனை சேவை பற்றி. பார்சல் நாலு நாளில் வந்தது, குறை இல்லை. படத்தில் இடம் தப்பாக இருக்கிறது என்று எழுதினேன், எங்கே வைத்தாலும் வேலை செய்யும் என்று பதில் வந்தது. ட்ரேசிக்கும் உங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஜெல் ட்யூபைத் திறந்துவிட்டதால் முடியாதாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், ஒன்றை மட்டும் முடியாது. சீட்டின் பின்பக்கம் கடைசி வரியில், நாலு வாரத்துக்குப் பிறகு மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது. டாக்டரைக் கேட்டு என்றுகூட இல்லை. அந்த இரண்டாவது வாரச் சந்தோஷத்தில் நாங்கள் இருந்த நிலையில் அதை நம்பியிருந்தால்? முடக்குவாதத்தில் ஒருமுறை அரித்துப்போன மூட்டு எலும்பு திரும்ப வளராது. வலி குறைந்தது போல இருக்கும்போதே உள்ளே அரிப்பு நடக்கும். ட்ரேசியின் கருவியைச் சோதித்த ஆய்விலேயே மருத்துவர் மேற்பார்வையில்தான் எல்லாம் நடந்தது. ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான், மாத்திரையைத் தொடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கருவியையே தொடாதீர்கள், அந்த எச்சரிக்கையும் சீட்டில் இல்லை.

போன வாரம் அம்மாவை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். கருவியைக் காட்டினேன், புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார், திட்டவில்லை. நோட்டைத்தான் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஆறு வாரம் முடிந்தும் 50, 55 என்றே நிற்கிறதே, மருந்து போதவில்லை, இதை முன்பே ஏன் யாரும் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "காலையில அப்படித்தானே இருக்கும்" என்றாள். மாத்திரையோடு இன்னொரு மருந்து சேர்த்திருக்கிறார், குமட்டலுக்கும் தனியாகக் கொடுத்திருக்கிறார், இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார், நோட்டோடு.

கருவி பீரோவில், வளையல் பக்கத்தில் இருக்கிறது. நோட்டு அடுப்படி ஜன்னலில் தொங்குகிறது, பேனாவை நூலில் கட்டி. இன்று காலை 45 நிமிடம்.